பில் மட்டும் இருக்கும்

“என்னை இந்தக் கடையிலேருந்து மொத்தமா அழிச்சிடணும் சார்” என்றான் கவுன்டருக்கு எதிரே நின்ற இளைஞன்.

பதிவேட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பதிவேடு என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரில்லை. அந்த டோப்பாக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக வாடிக்கையாளர் விவரங்களை எழுதி, அடுக்கி, பூட்டி வைக்கிற வேலை அவருடையது. அதனால் முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் அப்படியே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். பிறகென்ன, அதுவே நிலைத்துவிட்டது. சாதாரணக் கடையில்லை அது. தலைக்கு அளவெடுத்து, அசல் மனித முடியில் செய்து கொடுக்கிற கடை. சுற்றிப் பத்து ஊருக்கும் அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. வாடிக்கையாளர் கேட்டால் அவரைப் பற்றிய சொந்த விவரங்களைக் கடை அழித்துவிட வேண்டும். ஆனால் வரி அலுவலகத்துக்காக விற்பனை பில்லை மட்டும் எட்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பில்லை வேறு எந்தக் காரியத்துக்கும் தொடக் கூடாது. முதலாளி இதை அச்சடித்துச் சுவரில் ஒட்டி, பதிவேட்டிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். விவரம் வெளியே போனால் நீங்களும் வெளியே போக வேண்டியதுதான் என்று வாயாலும் சொல்லி வைத்தார்.

பதிவேட்டுக்கு அதில் கஷ்டமே இருக்கவில்லை. அவர் கணக்கில் ‘வெளியே’ என்பதில் அவர் வீடு சேர்த்தி இல்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால், அன்றைக்கு வந்த தலைகளெல்லாம் வரிசையாகத் தட்டுக்கு வந்துவிடும். எந்த அதிகாரிக்கு உச்சியில் பளபளப்பு, எந்த மாப்பிள்ளை தும்மியபோது டோப்பா மூக்குக்கு வந்தது, எந்தப் பெண்மணி கண்ணாடியைப் பார்த்து அழுதாள் என்று நடித்தே காட்டுவார். மனைவி “போதும், சாப்பிடுங்க” என்பாள். சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்த மகள் இப்போதெல்லாம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறாள். வேலைக்கென்று இரண்டு வருஷம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து அவளுக்கு ரசனை போய்விட்டது என்பது அவர் அபிப்பிராயம்.

அதெல்லாம் இருக்கட்டும். இப்போது கவுன்டரில் ஒருவன் நிற்கிறான். சட்டம் வந்த பிறகு அழிக்கச் சொல்லி வந்திருக்கிற முதல் ஆள்.

“அழிக்கறதுன்னா சும்மா இல்ல தம்பி. முறை இருக்கு. மொதல்ல நீங்க நீங்கதானான்னு எனக்குத் தெரியணும்” என்று பதிவேடு ஒரு படிவத்தை நீட்டினார்.

பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம், அலுவலக விலாசம், இரண்டு போன் நம்பர், போட்டோ ஒன்று, அடையாள அட்டை நகல் ஒன்று. இளைஞன் எழுத எழுத அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

“சார், டோப்பா வாங்கும்போது என் பேரும் போன் நம்பரும்தான் கொடுத்தேன். இப்ப எங்கப்பா வரைக்கும் வந்துட்டீங்களே.”

பதிவேடு படிவத்தைப் பார்த்தார். உண்மைதான். அழிக்க வந்தவன் வந்தபோது இருந்ததைவிட இரண்டு மடங்கு கடைக்குள் இருந்தான். அவசரமாகக் கடை வக்கீலுக்குப் போன் போட்டார்.

“அழிச்சதுக்கு ஒரு அத்தாட்சி வேணும், வச்சுக்குங்க” என்றார் வக்கீல்.

“அதுல பேரு இருக்கலாமா சார்?”

“பேரு இருந்தா அழிச்ச மாதிரி ஆகுமா?”

“அப்ப யாரை அழிச்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியக் கூடாது. அதுக்குத்தானே அழிக்கிறீங்க.”

“யாருன்னே தெரியாத ஒருத்தரை அழிச்சேன்னு நாளைக்கு எப்படி நிரூபிக்கறது?”

மறுமுனையில் லைன் கட்டாகிவிட்டது.

பதிவேடு தானே ஒரு முடிவுக்கு வந்தார். படிவம், நகல், போட்டோ எல்லாவற்றையும் காகிதம் கிழிக்கும் மிஷினுக்குள் விட்டார். ஆர்டர் கார்டை எடுத்து, பெயரையும் எண்ணையும் மட்டும் சரிபார்த்து, மற்றதைப் படிக்காமல் கவிழ்த்தபடியே உள்ளே செலுத்தினார். படிக்காமல் அழிப்பதில் அவருக்கு ஒரு பெருமை. கம்ப்யூட்டரிலிருந்து போன் நம்பர் போயிற்று. வாழ்த்துச் செய்தி அனுப்புகிற பட்டியலிலிருந்தும் போயிற்று.

“தலை?” என்றான் இளைஞன் மெல்ல.

“வாங்க.”

பின்னறையில் அலமாரி அலமாரியாகப் பிளாஸ்டர் தலைகள். அளவெடுக்கிற அக்கா வாடிக்கையாளர் இருக்கிற ஊருக்கே போய் அச்செடுத்து வருவார். இங்கே வார்த்து, அதன்மேல் வைத்துத்தான் முடி தைப்பார்கள். நெற்றிக்குக் கீழே எதுவும் கிடையாது. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. பிடரியில் ஒரு எண் மட்டும் இருக்கும். பதிவேடு நானூற்றுப் பன்னிரண்டைத் தேடி எடுத்துத் தரையில் வைத்தார். சுத்தியலைக் கையில் எடுத்தார்.

முதல் அடியிலேயே இளைஞன் கண்ணை மூடிக்கொண்டான். “மெதுவா சார். பாவம்.”

“பிளாஸ்டர் தம்பி. வலிக்காது” என்று சிரித்துக்கொண்டே இன்னும் நாலு போடு போட்டார். தலை தூளாயிற்று.

“பில் சார்?”

“அது சட்டம். எட்டு வருஷம் இரும்பு பீரோவுல இருக்கும். சாவி என்கிட்ட. வரி ஆபீஸர் வந்து கேட்டாத்தான் எடுப்பேன். மத்தபடி நானே தொட மாட்டேன்.”

“நீங்ககூடவா?”

“நான்கூட.”

இளைஞனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசல் வரை போனவன் திரும்பி, “என் முகம் சார்?” என்றான்.

“அதுவும் சொந்த விவரம்தான். நீங்க படி இறங்கினதும் மறந்துடுவேன், போங்க.”

அவன் தலையைத் தடவிக்கொண்டே போனான். பதிவேடு பின்னாலிருந்து அந்தத் தலையை நோட்டம் விட்டார். விளிம்பும் தெரியவில்லை, தையலும் தெரியவில்லை. நம்ம கடைச் சரக்கு என்றால் சும்மாவா என்று மனசுக்குள் முதுகைத் தட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டில் புது மேசைவிரிப்பு. மகள் தன்கூட வேலை பார்க்கிற ஒருவனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொல்லி ஒரு மாதமாகிறது. அவனும் அவன் அம்மாவும் இன்றைக்கு வருகிறார்கள். ஒரே பெண். அவள் நல்லபடியாக ஒருவன் கையில் சேர வேண்டும் என்பதைத் தவிர பதிவேட்டுக்கு வாழ்க்கையில் பெரிய கோரிக்கை எதுவும் மிச்சமில்லை.

மணி அடித்தது. கதவைத் திறந்தார். வாசலில் நின்றது நானூற்றுப் பன்னிரண்டு.

பதிவேடு கதவைப் பிடித்தபடி நின்றார். இளைஞன் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க. உள்ள கூப்பிடுங்க” என்றாள் மனைவி பின்னாலிருந்து.

“வாங்க, வாங்க. இதுக்கு முன்னாடி நான் உங்களைப் பாத்ததே இல்லையே” என்றார் பதிவேடு.

“நாங்க இப்பத்தானே அண்ணா முதல்தடவையா வர்றோம்” என்றார் பையனின் அம்மா, ஒன்றும் புரியாமல்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். பதிவேட்டுக்கு மட்டும் உட்கார முடியவில்லை. மகளுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் இவன் ஏன் ரகசியமாக வந்து அழிக்கச் சொல்கிறான்? ஆக, தெரியாது. தலையையே மறைக்கிறவன் நாளைக்கு எதைத்தான் மறைக்க மாட்டான்? சொல்லலாம் என்றால் கையெழுத்துப் போட்டாயிற்று. போதாததற்கு, முகத்தை மறந்துவிட்டதாக வாக்கு வேறு கொடுத்தாயிற்று.

மனைவி அவரைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். “எப்படி இருக்கான்?”

“யாரு?”

“வந்திருக்கறவன்தான். வேற யாரு?”

“தெரியாது. எனக்கு அவனைப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

“நான் என்ன ஜாதகமா கேட்டேன்? பாத்தா எப்படி இருக்கான்னுதானே கேட்டேன்.” மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இந்த மனிதர் ஒரு விஷயம் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. “எதையோ மறைக்கறீங்க. சரி, அது கிடக்கட்டும். அவங்க முன்னாடி உங்க கடைக் கதை எதையும் எடுத்துடாதீங்க. முடி, மொட்டைன்னு வாயைத் திறந்தீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

சரி, வாயால் சொல்லத்தானே கூடாது? டோப்பா தானாகக் கழன்று விழுந்தால் அதற்கு யார் பொறுப்பு? பதிவேடு கூடத்துக்குப் போய், “புழுக்கமா இருக்கில்ல” என்றபடி ஃபேனை ஐந்தில் வைத்தார்.

மேசைவிரிப்பு எழுந்தது. பிஸ்கட் பொட்டலத்தின் காகிதம் பறந்து பையனின் அம்மா முகத்தில் ஒட்டியது. பையனின் முடி பரட்டையாகக் கலைந்ததே தவிர இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. மகள் சட்டென்று எழுந்து ஓடிப் போய் ஃபேனை நிறுத்தினாள்.

“என்னம்மா?”

“தலைவலிப்பா” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். பதிவேட்டுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், குழந்தை, என்ன தெரியும் அதற்கு என்று உருகினார். உருகிய வேகத்தில் துணிச்சலும் வந்தது.

“தம்பி, அசையாதீங்க. தலையில சிலந்தி.”

“எங்க சார்?”

பதிவேடு உச்சியில் கை வைத்து ஒரு கொத்தைப் பிடித்து, பசையெல்லாம் பெயரும்படி ஒரே இழுப்பாக இழுத்தார்.

இளைஞன் அலறிக்கொண்டு எழுந்தான். டீக்கோப்பை கவிழ்ந்து புது மேசைவிரிப்பு நனைந்தது. பதிவேடு தன் கையைப் பார்த்தார். அவர் விரல் நடுவில் ஏழெட்டு முடி இருந்தது. ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளையாக வேர்.

இருபத்திரண்டு வருஷ அனுபவம் பொய் சொல்லாது. அது அவன் மண்டையில் முளைத்த முடி.

“சிலந்தி போயிடுச்சு” என்றார், ஈனக் குரலில்.

அவர்கள் போன பிறகு மனைவி நனைந்த மேசைவிரிப்பை உருவிக்கொண்டு போனாள். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பதிவேடு இதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. சொந்த முடி காடாக இருக்கிறவனுக்கு டோப்பா எதற்கு? அப்படியென்றால் அவன் வாங்கியது யாருக்கு?

திங்கட்கிழமை கடை திறந்ததும் இரும்பு பீரோ முன்னால் போய் நின்றார். சுவரில் முதலாளியின் அறிக்கை. அதன் அடியில் தன் கையெழுத்து. எட்டு வருஷத்துக்குத் தொடக் கூடாததை அவர் நாலு நாளில் தொட்டார்.

பில்லில் அதிகம் ஒன்றும் இல்லை. அவன் பெயர், தேதி. அதற்குக் கீழே சரக்கு விவரம்: பெண்களுக்கானது, அசல் மனித முடி, கறுப்பு, நீளம் இருபது அங்குலம்.

பதிவேடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்களுக்கானது. அடப்பாவி, இன்னொருத்தி இருக்கிறாள். இருபது அங்குலத்துக்கு அழகு பார்க்கிறான். அந்த உறவை மூடி மறைத்து என் பெண்ணைக் கட்டிக்கொள்ள என்னையே சுத்தியல் எடுக்க வைத்திருக்கிறான்.

அளவெடுக்கிற அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார். பதிவேடு எழுந்து ஓடினார்.

“அக்கா, நானூற்றுப் பன்னிரண்டு யாரோட தலை?”

அக்கா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. “அழிச்சாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“காகிதம் அழிஞ்சாச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்குமில்ல. நீங்கதானே அச்செடுத்தீங்க?”

“சட்டம் வந்ததுலேருந்து எனக்கு ஞாபகசக்தி கொஞ்சம் குறைஞ்சிடுச்சு.”

“வயசுப் பொண்ணா? அதையாவது சொல்லுங்க. என் பொண்ணு வாழ்க்கை இதுல மாட்டிக்கிட்டு நிக்குது.”

அக்கா அவரை ஒரு மாதிரி பார்த்தார். கோபமா, இரக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாத பார்வை. “அண்ணே, அந்தப் பில்லை இருந்த இடத்துலயே வச்சுடுங்க. உங்க நல்லதுக்குச் சொல்றேன்” என்று பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடையே கூட்டுச் சேர்ந்திருக்கிறது என்று பதிவேட்டுக்கு உறுதியாகிவிட்டது. பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மறு ஞாயிறு அவர்கள் திரும்ப வந்தார்கள். கல்யாணத் தேதி பேசுவதற்காக. முடியைப் பிய்த்த வீட்டுக்கு மறுபடி வந்தார்களே, அதுவே பெரிய விஷயம். பையன் இந்தத் தடவை தொப்பி போட்டிருந்தான். சிலந்தி பயம்.

“அடுத்த மாசக் கடைசியில வச்சுக்கலாமா அண்ணா?” என்று தொடங்கினார் பையனின் அம்மா.

“வச்சுக்க முடியாது” என்றார் பதிவேடு.

மனைவி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு, பையிலிருந்து பில்லை எடுத்துப் பிரித்து, மேசை நடுவில் வைத்து உள்ளங்கையால் நீவினார். அவர் வேலை அந்தக் கணத்தோடு போயிற்று என்று அவருக்குத் தெரியும். பரவாயில்லை, பெண்ணுக்காகத்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

“இதை நான் தொடக் கூடாது. இங்க கொண்டு வரவே கூடாது. முதலாளிக்குத் தெரிஞ்சா நாளைக்கு நான் வீட்டுல உக்கார வேண்டியதுதான். ஆனா பெத்தவன் சும்மா இருக்க முடியாது. தம்பி, இது உங்க பேரா?”

இளைஞன் பில்லைப் பார்த்தான். முகம் வெளுத்தது. “தொட மாட்டேன்னு சொன்னீங்களே சார்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. உங்க பேரா?”

“என் பேருதான்.”

“பெண்களுக்கானதுன்னு போட்டிருக்கு. நீளம் இருபது அங்குலம். உங்க தலைக்கு இல்லைன்னு நானே போன வாரம் பிடுங்கிப் பாத்துட்டேன். யாருக்கு வாங்கினீங்க?”

அப்போதுதான் பையனின் அம்மாவுக்குச் சிலந்தி விவகாரம் புரிந்தது. அவர் தன் பையனைப் பார்த்தார், பையன் மகளைப் பார்த்தான். மகள் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சொல்ல முடியாது சார்” என்றான் இளைஞன்.

“ஏன் முடியாது?”

“பில்லுலதான் என் பேரு இருக்கு. விஷயம் இன்னொருத்தங்களோடது. அவங்க சொல்லச் சொல்லாம நான் சொல்ல மாட்டேன்.”

“பாத்தியாடி? கேட்டியா?” பதிவேடு மனைவியிடம் திரும்பினார். “அவங்களாம். மரியாதையைப் பாரு.”

“பேசாம இருங்க” என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்திருந்தது. “தயவுசெஞ்சு அந்தக் காகிதத்தை எடுத்து உள்ள வைங்க.”

“உனக்கு அதிர்ச்சியா இருக்கும்னு தெரியும். எனக்கு மட்டும் இல்லையா?” பிறகு மகளிடம் குனிந்து, குரலைத் தணித்துச் சொன்னார். “அம்மாடி, இவனுக்கு வேற ஒருத்தி இருக்கா. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது.”

“எனக்குத் தெரியும்ப்பா” என்றாள் மகள், தலை நிமிராமல்.

பதிவேடு நிமிர்ந்தார். “தெரியுமா? யாருன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா கட்டிக்கறேன்னு நிக்கறே?”

“அதனாலதான்ப்பா நிக்கறேன்.”

இந்த வீட்டில் தன்னைத் தவிர எல்லோருக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்று பதிவேடு முடிவு செய்தார். அவர் இவ்வளவு கோபப்பட்டு அந்த வீட்டுச் சுவர்கூடப் பார்த்ததில்லை. எழுந்து நின்று மேசையில் ஒரு அறை அறைந்தார்.

“முடியவே முடியாது. நான் உயிரோட இருக்கற வரைக்கும் இந்தக் கல்யாணம் நடக்காது. அப்படி நடக்கணும்னா, இருபது அங்குலம் வச்சுக்கிட்டுத் திரியறாளே, அவ இந்த வீட்டுப் படியேறி வரணும். என் முன்னாடி நின்னு நான்தான்னு சொல்லணும். எந்தத் தைரியத்துல மறைச்சேன்னு நான் அவளைக் கேக்கணும். வரச் சொல்லுங்க அவளை, பாப்போம்.”

பையனின் அம்மா எழுந்து, மெதுவாக நடந்து மகளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டு கையையும் அவள் தோளில் வைத்துக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“வரச் சொல்ல வேண்டியதில்ல சம்பந்தி, அந்த இருபது அங்குலமும் உங்க பொண்ணு தலையிலதான் இருக்கு.”